வீட்டிலேயே அறிவியல்: பிள்ளைகளோடு செய்துபார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளை உட்காரவைத்து வீட்டில் ஏதாவது சோதனை செய்துபார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். முன்னால் சொன்னதை வைத்துத்தான் பின்னால் உள்ள பதில்கள் நகர்கின்றன என்பதால் முதல் தடவை வரிசையாகவே படித்துவிடுங்கள்.

எனக்கே சயின்ஸ் அவ்வளவா வராது. நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் இருந்து மூன்று கேள்வி கேட்டால் போதும். தொடங்கும் முன் "என்ன ஆகும்னு நினைக்கிறே?" நடக்கும்போது "இப்ப என்ன தெரியுது?" முடிந்தபின் "எதை மாத்தினா வேற மாதிரி வரும்?" இவற்றில் முதல் கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். தன் ஊகத்தை வாய்விட்டுச் சொன்ன பிள்ளை, அது பலிக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்க்கும். ஊகிக்காத பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை.

உங்களுக்கு விடை தெரியாத இடத்தில் "எனக்கும் தெரியலை, செஞ்சு பார்த்துடலாம்" என்று சொல்லுங்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை.

எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்?

மூன்று வயதிலேயே. அகலமான பாத்திரத்தில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கரண்டி, மரத்துண்டு, கல், மூடி, பஞ்சு என ஒவ்வொன்றாகப் போட்டு எது மிதக்கும் என்று ஊகிக்கச் சொல்லலாம். அந்த வயதுக்கு அது முழுமையான சோதனைதான். ஐந்து, ஆறு வயதில் கலப்பது, நிறம் மாற்றுவது, கட்டுவது. எட்டு வயதுக்கு மேல் அளப்பதும் எழுதிவைப்பதும் பிடிபடும். பத்து வயதுக்கு மேல் அளந்த எண்களை வைத்துக் கணக்குப் போடலாம்.

சிறு பிள்ளைகளை ஆழம் குறைந்த தண்ணீர் அருகில்கூட ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும் அளவுள்ள பொருள் எதுவும் மூன்று வயதுப் பிள்ளையின் தட்டில் இருக்கக் கூடாது.

கடையில விக்கிற சயின்ஸ் கிட் வாங்கினா போதாதா?

வாங்கலாம், தவறில்லை. பெரும்பாலான பெட்டிகளில் ஒரு தடவைக்கான பொடியும் ஒரு தடவைக்கான வண்ணமும்தான் இருக்கும். பிள்ளை "இன்னொரு தடவை, இதை மட்டும் மாத்தி" என்று கேட்கும்போது பெட்டி காலியாகியிருக்கும். ஆர்வம் உண்மையில் பிறக்கும் இடம் அதுதான்.

அந்தப் பணத்தில் அளவுக் கருவிகள் வாங்குங்கள்: 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு, மில்லிலிட்டர் குறியிட்ட குவளை, 30 செ.மீ. ஸ்கேல், அளவு நாடா, சமையல் வெப்பமானி. ஸ்டாப்வாட்ச் செல்பேசியிலேயே இருக்கிறது. சமையல் சோடா, வினிகர், உப்பு, பலூன், நூல், டேப், அலுமினியத் தாள், மெழுகுவர்த்தி, ஏ4 தாள், இவற்றோடு ஒரு வருடம் ஓட்டிவிடலாம்.

முதல் தடவை செய்யறோம். சொதப்பாம வர்ற ஒண்ணைச் சொல்லுங்க.

பலூனைத் தானாக ஊதவைப்பது. 500 மி.லி. பாட்டிலில் 75 மி.லி. வினிகர் (5 சதவீத அமிலம் உள்ள சாதாரண சமையல் வினிகர்) ஊற்றுங்கள். பலூனை ஒருமுறை வாயால் ஊதிக் காற்றை விட்டுவிடுங்கள், ரப்பர் இளகிவிடும். புனல் வைத்துப் பலூனுக்குள் 5 கிராம் சமையல் சோடா, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, போடுங்கள். பலூனின் வாயைப் பாட்டில் கழுத்தில் மாட்டும்வரை சோடா உள்ளே கொட்டாமல் பலூன் பக்கவாட்டில் தொங்கட்டும். மாட்டியபின் தூக்கிக் கொட்டினால் நுரைத்துக்கொண்டு பலூன் எழும். அப்போதே பாட்டிலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில்லென்று இருக்கும். இந்த வினை சுற்றிலுமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

விஷயம் இதற்கப்புறம்தான் இருக்கிறது. வினிகரை 75 மி.லி.யிலேயே வைத்துக்கொண்டு, சோடாவை மட்டும் 2.5, 5, 10, 15 கிராம் என்று மாற்றி நான்கு பாட்டில்களில் செய்யுங்கள். பலூனின் சுற்றளவை நூலால் அளந்து எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளும் "15 கிராம்தான் பெருசாகும்" என்பார்கள். 5 கிராமுக்குப் பிறகு பலூன் ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிடும், பாட்டில் அடியில் வெள்ளைப்பொடி மிச்சம் கிடக்கும். 5 கிராம் சோடாவைத் தீர்ப்பதற்கே ஏறக்குறைய 70 மி.லி. வினிகர் வேண்டும், அதற்கு மேல் போட்ட சோடாவுக்குக் கூட்டாளி கிடைப்பதில்லை. அப்போது "மிச்சத்தை எப்படிப் பயன்படுத்தலாம்?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் இன்னும் கொஞ்சம் வினிகரைக் கொண்டுவருவார்.

அப்படியே செஞ்சோம், பலூன் உப்பவே இல்லை. எங்க தப்பு?

நுரை வந்ததா, வரவில்லையா என்று முதலில் பாருங்கள். நன்றாக நுரைத்தும் பலூன் எழவில்லை என்றால் காற்று கசிகிறது. பலூன் வாய் பாட்டில் கழுத்தை இறுக்கவில்லை, அல்லது பலூனில் ஊசித்துளை. கழுத்தைச் சுற்றி டேப் போட்டுப் பாருங்கள்.

நுரையே குறைவு என்றால் பொருளில் குறை. சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டிருப்பதுதான் அடிக்கடி நடப்பது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலப் பொடியும் ஸ்டார்ச்சும் கலந்திருக்கும், அதனால் கிடைக்கும் வாயு குறைவு. கண்டுபிடிப்பது எளிது: ஒரு கரண்டியை வெறும் வெந்நீரில் போட்டதும் பொங்கினால் அது பேக்கிங் பவுடர். சோடா வெறும் நீரில் அப்படிப் பொங்காது. வினிகரில் யாராவது தண்ணீர் கலந்திருந்தாலும் இதே கதைதான்.

எரிமலை, எரிமலைனு அதையே கேக்கிறான். வேற எதுக்கும் வரமாட்டேங்கிறான்.

வரவேண்டாம், எரிமலையிலேயே இருங்கள். ஆனால் வேலையை மாற்றிக் கொடுங்கள். "இது சட்டுனு பொங்கி அடங்கிடுது. ஒரு நிமிஷம் தொடர்ந்து பொங்குற மாதிரி செய்ய முடியுமா?" சோடாவை டிஷ்யூ தாளில் பொட்டலமாகக் கட்டுவான், வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுவான், பாத்திரம் கழுவும் திரவத்தைச் சேர்த்து நுரையை நிற்கவைப்பான். அது பொறியியல்.

இன்னொன்று: உயரமான குவளையில் சோடாவும் வினிகரும் கலந்து நுரை அடங்கக் காத்திருங்கள். பிறகு திரவம் சிந்தாமல், குவளையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வாயுவை மட்டும் எரியும் சின்ன மெழுகுவர்த்தி மேல் ஊற்றுவதுபோலச் சாயுங்கள். சுடர் அணையும். கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம், அதனால் தண்ணீர்போல வழிந்து இறங்கும். மின்விசிறியை நிறுத்த மறந்தால் நடக்காது.

கார்ன் ஃப்ளோர் கூழ் செய்யப் போய் சிங்க் அடைச்சுக்கிச்சு. இதை எப்படிச் செய்யணும்?

இரண்டு பங்கு சோளமாவு ஸ்டார்ச், ஒரு பங்கு தண்ணீர், இரண்டையும் அதே கப்பால் அளக்கவும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். சரியான பதத்தில் விரலை மெல்ல இறக்கினால் உள்ளே போகும். பட்டென்று குத்தினால் சுவர்போல நிற்கும். மஞ்சளாக இருக்கும் அரைத்த மக்காச்சோள மாவில் இது வராது. வெள்ளையாக, அழுத்தினால் கிறுகிறுவென்று சத்தம் வரும் ஸ்டார்ச் பொடிதான் வேண்டும்.

மிச்சத்தை சிங்க்கில் ஊற்றவே கூடாது. ஸ்டார்ச் குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும். தட்டில் காயவிட்டு, பொடியாக உதிர்ந்ததும் குப்பையில் போடுங்கள்.

ஊதா முட்டைக்கோஸ் தண்ணியில எலுமிச்சை விட்டா சிவக்குது, சோடா போட்டா நீலமாகுது. பார்த்தாச்சு. அடுத்து?

இதை இப்போது அளக்கும் கருவியாக மாற்றுங்கள். மூன்று இலைகளை நறுக்கி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டிய சாறு ஒரு குவளை. அதில் 20 சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சிவக்கவைத்து, பிறகு சோடாக் கரைசலை (100 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி) சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய ஊதாவுக்குத் திரும்ப எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் தொடாத சாறு ஒரு குவளை ஒப்பிட இருக்கட்டும். அடுத்து 20 சொட்டு வினிகர், 20 சொட்டு ஆரஞ்சுச் சாறு. எதில் அமிலம் அதிகம் என்பதைப் பிள்ளை எண்ணிச் சொல்லும். ஆய்வகங்களில் தரம்பார்த்தல் என்று செய்வது இதையேதான்.

முட்டைக்கோஸ் கிடைக்காவிட்டால் மஞ்சள்தூள். அது காரத்தில் மட்டும் சிவப்பாகும், அமிலத்தில் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சள் கறைபட்ட துணியில் சோப்புப் போட்டதும் சிவப்பதற்கும் அதுவே காரணம்.

உப்புப் படிகம் வளர்க்கலாம்னு ஆரம்பிச்சோம். மூணு நாளா அப்படியே இருக்கு.

உப்பில் அவசரம் ஆகாது. 100 மி.லி. தண்ணீரில் 20 டிகிரியில் 36 கிராம் கரைகிறது. கொதிநிலையிலும் 39 கிராம்தான். சூடாக்கி ஆறவைப்பதால் வெளியே வருவது மிகக் குறைவு. தண்ணீர் ஆவியானால்தான் படிகம் வரும், அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் வேண்டும். அகலமான தட்டில் ஊற்றி, தூசி விழாமல் மெல்லிய தாளால் மூடி வையுங்கள்.

ஒரே இரவில் பார்க்க வேண்டுமானால் படிகாரம். 100 மி.லி. நல்ல வெந்நீரில் 25 கிராம் படிகாரத்தூளைக் கரைத்து, அசைக்காமல் ஆறவிடுங்கள். காலையில் அடியில் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும். 3 முதல் 5 மி.மீ. அளவில் ஒழுங்கான ஒன்றைப் பொறுக்கி, மெல்லிய நைலான் நூலில் கட்டி, வடிகட்டிய அதே கரைசலில் அடியும் சுவரும் படாமல் தொங்கவிடுங்கள். அறை வெப்பம் ஏறினால் தொங்கவிட்ட படிகமே கரைந்துபோகும், ஆகவே வெயில் படாத மூலை. உப்பு கனசதுரமாகவும் படிகாரம் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல எட்டு முகங்களோடும் வளர்வதை உருப்பெருக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கப் பார்க்கலாம். வெந்நீரைக் கையாள்வது பெரியவர் வேலை. படிகாரத்தை வாயில் வைக்கக் கூடாது.

சீப்பைத் தலையில தேய்ச்சா காகிதம் ஒட்டும்னாங்க. ஒட்டவே இல்லை.

மழை நாளிலும் புழுக்கத்திலும் வராது. காற்றில் ஈரம் அதிகமானால் பொருள்களின் மேல் மெல்லிய ஈரப் படலம் சேர்ந்து, தேய்த்த மின்னூட்டம் அதன் வழியே வடிந்துவிடும். எண்ணெய் தேய்த்த தலையிலும் வராது. காய்ந்த கம்பளியில் பலூனை இருபது தடவை தேய்த்து, குழாயில் நூல்போல ஒழுகும் தண்ணீரின் பக்கத்தில் கொண்டுபோங்கள். பலூனை நோக்கித் தண்ணீர் வளையும்.

எலுமிச்சம்பழ பேட்டரியில எல்.இ.டி. எரியலை. பழம் சரியில்லையா?

பழத்தின் மேல் பழி இல்லை. துத்தநாகம் பூசிய ஆணியும் தாமிரக் கம்பியும் குத்திய ஒரு பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி. ஒளிர 1.8 வோல்ட் பக்கம் வேண்டும். நீலம், வெள்ளைக்கு 3 வோல்ட்டுக்கு நெருக்கமாக. பழத்திலிருந்து வரும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் இணைத்ததும் வோல்ட்டும் விழும். நான்கு பழங்களை வரிசையாக இணையுங்கள்: முதல் பழத்தின் தாமிரத்திலிருந்து அடுத்ததன் ஆணிக்கு, அப்படியே தொடர்ந்து. சிவப்பு எல்.இ.டி.யின் நீண்ட கால் கடைசித் தாமிரத்துக்கு. விளக்கை அணைத்த அறையில் பாருங்கள், மங்கலாகத்தான் இருக்கும்.

இன்னும் எரியாவிட்டால்: பழத்துக்குள் ஆணியும் தாமிரமும் ஒன்றையொன்று தொடுகின்றனவா, துருப்பிடிக்காத எஃகு ஆணியா, தாமிரக் கம்பியின் வார்னிஷ் பூச்சை உரசி எடுக்கவில்லையா என்று பாருங்கள். பழத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்று பெரும்பாலானோர் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆற்றல் துத்தநாகம் கரைவதிலிருந்து வருகிறது, சாறு அதற்கு வழிவிடும் திரவம். சாற்றில் உலோகம் கரைந்திருப்பதால் அந்தப் பழத்தைச் சாப்பிடக் கூடாது.

கரண்ட் சமாசாரம்னாலே பயமா இருக்கு. எது வரைக்கும் விடலாம்?

1.5 வோல்ட் ஏஏ செல் ஒன்று அல்லது இரண்டு, அந்த எல்லைக்குள் இருங்கள். சுவர் பிளக்கை எந்தச் சோதனைக்கும் தொடாதீர்கள். செல்பேசி, மடிக்கணினி பேட்டரிகளைப் பிரிக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பொத்தான் செல்கள் சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் மேசைமேல் வரவே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் என்றாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலுவான நியோடிமியம் காந்தங்களும் அப்படியே. இரண்டை விழுங்கினால் குடலை இடையில் வைத்து நெரிக்கும்.

மின்காந்தம் செய்யும்போது (இரும்பாணியில் வார்னிஷ் பூசிய தாமிரக் கம்பி 60 சுற்று, ஒரு ஏஏ செல்) கம்பி சுடும். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள். பழத்துக்குச் சொன்ன வார்னிஷ் விஷயம் இங்கும் உண்டு: இரு முனைகளிலும் உப்புத்தாளால் தேய்த்தால்தான் வேலை செய்யும்.

ஊசல் ஆட்டி நேரம் பார்த்தா ஒவ்வொரு தடவையும் வேற எண் வருது. எது சரி?

ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் கண்ணைவிடச் சுமார் 0.2 விநாடி பின்தங்கும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இல்லை. ஒரே ஓர் ஆட்டம் 1 விநாடி என்றால் அந்தப் பிழை ஐந்தில் ஒரு பங்கு. பத்து ஆட்டத்துக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுங்கள். அதே பிழை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். போய்த் திரும்பி வருவதுதான் ஓர் ஆட்டம். "விடு" என்று சொல்லும்போது சுழியம், திரும்பி வந்ததும் ஒன்று. விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் ஓர் ஆட்டம் குறைந்துபோகும். எல்லா வீட்டிலும் முதல் தடவை இது நடக்கும்.

நூலின் நீளத்தை முடிச்சிலிருந்து எடையின் நடுப்பகுதிவரை அளந்து 25 செ.மீ. வையுங்கள். பத்து ஆட்டம் 10 விநாடி. 100 செ.மீ. வைத்தால் 20 விநாடி. நீளம் நான்கு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்குதான். எடையை இரட்டித்தால்? பிள்ளைகள் வேகமாகும் என்பார்கள். மாறாது. மாறிவிட்டதுபோல் தெரிந்தால், இரண்டாவது எடையை முதலாவதின் கீழே கட்டியிருப்பீர்கள். நடுப்பகுதி இறங்கி நீளம் கூடியிருக்கும். பக்கவாட்டில் சேர்த்துக் கட்டுங்கள். ஊசலைச் சின்னக் கோணத்தில் விடுவதும் முக்கியம். இந்த ஒழுங்கை நம்பித்தான் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை அமைத்தார்.

மெழுகுவர்த்திமேல டம்ளர் கவிழ்த்தா தண்ணி ஏறுது. ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணி வருதுன்னு சொல்லலாமா?

வேண்டாம். மிகப் பரவலாகச் சொல்லப்படும் தவறு இது, பாடக் குறிப்புகளிலும் வந்துவிடுகிறது. காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு, தண்ணீரும் சில சமயம் அந்த உயரத்துக்கு ஏறுகிறது என்பதால் நம்பும்படி இருக்கிறது. ஆக்ஸிஜன் முழுக்கத் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். எரியும்போது கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் உண்டாவதையும் அந்த விளக்கம் மறந்துவிடுகிறது.

உற்றுப் பாருங்கள். சுடர் எரியும்வரை தண்ணீர் அதிகம் ஏறாது, கவிழ்த்த உடனே டம்ளர் விளிம்பில் குமிழிகள்கூட வெளியேறும். அணைந்தபின்தான் சர்ரென்று ஏறும். சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் தப்பிவிட்டது, மிச்சம் குளிர்ந்து சுருங்கியது, நீராவியும் தண்ணீராகப் படிந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளியது. பிள்ளைக்கு நிரூபிக்க இரண்டு வழி. அதே டம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வையுங்கள்: உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் அதேதான், தண்ணீர் மட்டும் அதிகம் ஏறும். அல்லது மெழுகுவர்த்தியே இல்லாமல், வெந்நீரில் நன்றாக அலசிய சூடான டம்ளரைத் தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். கொஞ்சம் ஏறும்.

பத்து வயசாச்சு, இதெல்லாம் சின்னப் பசங்க வேலைங்கிறா. பெருசா ஏதாவது இருக்கா?

சூரியனின் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலை அட்டையால் முழுக்க மறைத்து அறையை இருட்டாக்குங்கள். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி அலுமினியத் தாள் ஒட்டி, அதில் 2 மி.மீ. அகலத் துளை ஒன்று. துளையிலிருந்து சரியாக 2 மீட்டர் தள்ளி வெள்ளைத்தாளைக் கதிருக்கு நேர்குத்தாகப் பிடித்தால் ஒரு வட்டம் விழும். அது துளையின் நிழல் அல்ல, சூரியனின் பிம்பம். துளையை முக்கோணமாகக் குத்தினாலும் வட்டமாகவே விழுவதைக் காட்டினால் நம்புவாள். துளை வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது. முதுகைச் சூரியனுக்குக் காட்டி, தாளை மட்டும் பார்க்க வேண்டும்.

வட்டத்தின் வெளி விளிம்புவரை அளந்து, துளையின் 2 மி.மீ.யைக் கழியுங்கள். விளிம்பில் தெரியும் மங்கல் துளையால் வந்தது. 21 மி.மீ. அளந்தால் மிச்சம் 19. பிம்பத்துக்கும் 2,000 மி.மீ.க்கும் உள்ள விகிதம்தான் சூரியனுக்கும் 15 கோடி கி.மீ. தொலைவுக்கும். 19ஐ 2,000ஆல் வகுத்து 15 கோடியால் பெருக்கினால் 14.25 லட்சம் கி.மீ. சூரியனின் உண்மை விட்டம் ஏறத்தாழ 13.9 லட்சம் கி.மீ. அலுமினியத் தாளையும் ஸ்கேலையும் வைத்து இவ்வளவு கிட்டத்தில் வந்துவிடலாம்! வட்டம் நீள்வட்டமாக விழுந்தால் தாள் சாய்ந்திருக்கிறது. திருப்ப முடியாவிட்டால் குறுகிய விட்டத்தை அளங்கள்.

வீட்டில நாலு வயசு ஒண்ணு, பத்து வயசு ஒண்ணு. ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுச் செய்ய முடியுமா?

காகித ஹெலிகாப்டர். 5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளமுள்ள தாள் துண்டில் மேலிருந்து 8 செ.மீ. நடுவில் வெட்டி, இரண்டு இறக்கைகளை எதிரெதிர்ப் பக்கம் மடியுங்கள். அடிப்பகுதியைப் பக்கவாட்டில் மடித்துக் கீழே ஒரு பேப்பர் கிளிப். நாற்காலிமேல் பெரியவர் பிடித்துக்கொள்ள, சின்னது விடட்டும். பெரியது நேரம் பார்க்கட்டும். இறக்கை நீளத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஐந்து தடவை. ஊசலில் சொன்ன விரல் பிழை இங்கும் உண்டு. பத்து தடவை விழவைத்து வகுக்க முடியாததால், ஐந்தின் சராசரிதான் வழி. இறக்கைகளை மாற்றி மடித்தால் எதிர்த்திசையில் சுழல்வதைச் சின்னது முதலில் கண்டுபிடிக்கும், பெரும்பாலும்.

கம்ப்யூட்டர் கொடுக்காம கோடிங் சொல்லித்தர முடியுமா?

முடியும். தரையில் டேப்பால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, சில கட்டங்களில் தடைகள் வையுங்கள். பிள்ளை "முன்னே 2, வலது திரும்பு, முன்னே 1" என்று எழுதித் தர, நீங்கள் எழுதியபடி மட்டும் நடக்க வேண்டும். மோதினால் மோதியே நில்லுங்கள். எந்த வரியில் தவறு என்று தேடித் திருத்துவதுதான் நிரலாக்கத்தின் பாதி வேலை. எட்டு வயதுக்கு மேல் திரைக்கு வரலாம் என்றால், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மொழி இலவசம். ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது.

வீடியோல வர்றதை எல்லாம் வீட்டில செய்யலாமா?

செய்யக் கூடாதவை சில உண்டு. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சிங் திரவத்தை அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான். ஸ்பிரிட்டை ஊற்றி எரிக்கும் நிறச்சுடர்ச் சோதனைகளில் பாட்டிலுக்கே தீ தாவும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். வாயு உண்டாகும் எதையும் மூடிபோட்டு இறுக்காதீர்கள். பலூன் விரிந்து கொடுக்கும், கண்ணாடிப் பாட்டில் கொடுக்காது.

வீடியோவில வந்த மாதிரி வரலைன்னு அழறா. என்ன சொல்லித் தேத்தறது?

தேற்றுவதைவிட, துப்புத் துலக்கக் கூப்பிடுங்கள். பலூனுக்குச் சொன்ன முறைதான்: நடந்தது எது, நடக்காதது எது என்று முதலில் பிரிப்பது. பிறகு ஒரே ஒரு விஷயத்தை மாற்றி மறுபடி. அழுகையின் வேகத்தில் மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால், பலித்தாலும் எதனால் பலித்தது என்று தெரியாமல் போய்விடும். சாப்பிட்டுவிட்டு நாளைக்குச் செய்வதும் நல்ல முறை. காணொளிகளில் பலிக்காத தடவைகளை வெட்டிவிடுகிறார்கள் என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்கூல் ப்ராஜெக்ட்டை நான் செஞ்சு கொடுத்தா அழகா வருது. அவனே செஞ்சா கோணலா வருது. எதை அனுப்பறது?

கோணலாக இருப்பதை அனுப்புங்கள். ஒட்டுவது, அளப்பது, எழுதுவது அவன் கை. கத்தி, வெந்நீர், நெருப்பு உங்கள் கை. கூடவே அவன் நோட்டையும் வையுங்கள். அதில் தேதி, முதலில் ஊகித்தது, மாற்றியது எது, மாற்றாமல் வைத்தது எது, ஒவ்வொரு தடவையும் வந்த எண் எல்லாம் இருக்க வேண்டும். பலிக்காத தடவைகளின் எண்ணையும் அழிக்காமல் மேலே ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். "உன் பலூன் ஏன் 5 கிராமுக்கு மேல வளரலை?" என்று ஆசிரியர் கேட்டால், அடியில் வெள்ளைப்பொடி மிச்சமிருந்ததை அவன் தன் கையெழுத்திலேயே காட்டுவான்.